பேஸ் காற்றழுத்தமும் கேஸ் கலவையும்: கேள்வி பதில்

வேற்றுக் கோள்களில் தளம் கட்டி வாழும் ஸ்டேஷனியர்ஸ் கணினி ஆட்டத்தில் பேஸ் (தளம்) கட்டிவிட்டு, காற்று விஷயத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவை இவை. எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: வாயுக்களைக் கலக்கும் மிக்ஸரில் ஆக்சிஜன் 25, நைட்ரஜன் 75 என்று வைத்தேன். அறையில் பார்த்தால் ஆக்சிஜன் 30%. மிக்ஸர் பக்-ஆ?

பக் இல்லை. உங்கள் ஆக்சிஜன் டேங்க் வெளியே நிழலில் கிடக்கிறதா? ஒரே அழுத்தத்தில், ஒரே கொள்ளளவில், குளிர்ந்த வாயுவில் மோல் (வாயுவின் அளவு) அதிகம். ஆக்சிஜன் மைனஸ் 50 டிகிரியிலும் நைட்ரஜன் 20 டிகிரியிலும் வந்தால், கெல்வினில் 293ஐ 223ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.3 மடங்கு. 25 அங்கேதான் 30 ஆகிறது. மிக்ஸருக்கு முன்னால் இரண்டு குழாயையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். மிக்ஸரைக் கழற்றி மாட்டுவதெல்லாம் வீண் வேலை.

கே: ராத்திரி 101 கிலோபாஸ்கல், பகலில் 108. எங்கிருந்தோ கேஸ் உள்ளே வருகிறதா?

20 டிகிரி 40 ஆனால் 101 தானாகவே 108 ஆகும். மோல் எண்ணிக்கையைப் பாருங்கள். அது மாறவில்லை என்றால் கசிவும் இல்லை, வரவும் இல்லை.

கே: நைட்ரஜன் கையில் இல்லை. வெறும் ஆக்சிஜனை நிரப்பலாமா?

தாராளமாக, ஆனால் 100 கிலோபாஸ்கல் வரை ஏற்றாதீர்கள். நுரையீரலுக்கு வேண்டியது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு), அது 20 கிலோபாஸ்கலை ஒட்டி இருந்தால் மூச்சுக்குக் கவலையில்லை. அப்போலோ கலங்கள் விண்வெளியில் சுமார் 34 கிலோபாஸ்கல் தூய ஆக்சிஜனில்தான் ஓடின. 1967இல் தரையில் நடந்த அப்போலோ 1 சோதனையில் அதே தூய ஆக்சிஜனை வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே வைத்திருந்தார்கள், தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆட்டத்திலும் ஆக்சிஜன் நிறைந்த அறையில் வோலடைல்ஸ் என்ற எரிவாயு கசிந்தால் ஒரு பொறி போதும்.

கே: ஒரு வென்ட் (காற்றுத் திறப்பு) அறையில் காற்றை நிரப்புகிறது, இன்னொன்று இழுக்கிறது, இரண்டும் நிற்பதே இல்லை. பேட்டரி காலி.

இரண்டுக்கும் அழுத்த அளவாக 100 கொடுத்திருப்பீர்கள். நிரப்புவது 95இல் நிற்கட்டும், இழுப்பது 105க்கு மேல்தான் தொடங்கட்டும். நடுவில் உள்ள இடைவெளியில் இரண்டும் சும்மா இருக்கும்.

கே: செவ்வாயில் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது.

ஏர்லாக்கை (நுழைவில் உள்ள இரட்டைக் கதவு அறையை) வெற்றிடம் ஆக்காமல் உள்கதவைத் திறக்கிறீர்கள். வெளிக்காற்றை வெளியே தள்ளி பூஜ்யத்துக்கு இறக்குங்கள், அப்புறம் பேஸ் காற்றை விடுங்கள். ஏற்கெனவே சேர்ந்ததை ஃபில்ட்ரேஷன் கருவியில் பிரித்துச் செடிகள் இருக்கும் அறைக்கு அனுப்பிவிடலாம்.

கே: பிரஷர் ரெகுலேட்டர், பேக் பிரஷர் ரெகுலேட்டர், எதை எங்கே?

முதலாவது, தன்னைத் தாண்டி கேஸ் போகும் குழாயில் அழுத்தம் நீங்கள் சொன்ன அளவைத் தொட்டதும் நிறுத்திவிடும். இரண்டாவது தனக்குக் கேஸ் வந்து சேரும் குழாயைக் கவனிக்கும், அளவு மீறினால்தான் திறக்கும். டேங்கிலிருந்து அறைக்கு முதலாவது, வெடித்துவிடுமோ என்று பயப்படும் குழாய்க்கு இரண்டாவது.