பரோட்டா வாசம் அடிக்கிறது, பட்டினி என்கிறார்!

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மாட்டுத்தாவணி பக்கம் கடை வைத்திருக்கிறார். ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் பொய். ஆரப்பாளையம் போய்விட்டு தெப்பக்குளம் போனேன் என்பார். கையில் பரோட்டா வாசம் அடிக்கும், பட்டினி என்பார். இரண்டாவது கடை திறக்கப்போவதாகச் சொந்தக்காரர்களிடம் அளந்து வைத்திருக்கிறார். இது வியாதியா? - வாசகி, மதுரை

பதில்: ஜெர்மானிய மருத்துவர் ஆன்டன் டெல்ப்ரூக் 1891-லேயே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 பட்டியலில் இது தனி நோயாக இல்லை. இதற்கென்று மாத்திரையும் கிடையாது.

காரணமே இல்லை என்று நமக்குத்தான் தோன்றும். பெரும்பாலும் அவருக்குச் சின்ன லாபம் ஒன்று இருக்கும்: மேற்கொண்டு கேள்வி வராது. பழகப் பழக உறுத்தலும் குறைந்துவிடும். பொய் தொடரத் தொடர, மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் சலனம் மங்குவதை லண்டன் ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள்.

முதலில் கடன், குடி, ஆன்லைன் ரம்மி எதையாவது மறைக்கிறாரா என்று பாருங்கள். பண விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம், பாஸ்புக்கைப் பாருங்கள். அப்புறம், இது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கமா, அண்மையில் வந்ததா? அண்மையில் என்றால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நெடுநாள் குடியால் தயமின் சத்து குறைந்தவர்கள், மறந்துபோன இடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பேசுவார்கள். அது பொய்யே அல்ல, அவர்கள் அதை நம்பித்தான் சொல்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் கஷ்டமானது. விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் பொய்க்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். "பரோட்டா சாப்பிட்டாச்சுபோல, ராத்திரிக்கு அரிசி குறைச்சுப் போடவா?" என்று போகிறபோக்கில் கேளுங்கள். மறுக்க அங்கே ஒன்றும் இல்லை. அவராக "இல்ல, ஆரப்பாளையம்தான் போனேன்" என்று திருத்திச் சொன்னால், "அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கிளறாமல், சரி என்று விடுங்கள். இரண்டாவது கடை பற்றி யாராவது கேட்டால் ஒத்தும் ஊதாமல், சபையில் போட்டும் உடைக்காமல், "அவர்ட்டயே கேளுங்க" என்றால் போதும்.

பாண்டி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பயம் கூடினால் பொய்யும் கூடும்.

கவுன்சலிங் பலருக்கு உதவுகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சுகர் டெஸ்ட் என்று ஏமாற்றி மட்டும் கூட்டிப் போகாதீர்கள், நீங்களுமா! வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். அல்லது 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.