சுண்டெலியின் ரத்தப் புற்றில் தோன்றி மறையும் டி.எல். ஆன்டிஜென்

கேள்வி: ஓர் இனச் சுண்டெலியின் நலமான தைமஸ் (மார்பிலுள்ள தடுப்பாற்றல் உறுப்பு) செல்களில் இல்லாத ஆன்டிஜென் (தடுப்பாற்றல் அடையாளம் காணும் மூலக்கூறு), அதே இனத்தில் ரத்தப் புற்று உண்டானால் செல்பரப்பில் தோன்றலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். பிறவியிலேயே இல்லாத ஒன்று எங்கிருந்து வரும்? அப்படி வந்தால் எலியின் தடுப்பாற்றல் அதை விட்டுவைப்பது ஏன்?
— முதுநிலை உயிர்வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: உங்கள் ஆசிரியர் குறிப்பிட்டது டி.எல். எனப்படும் தைமஸ் லுக்கேமியா ஆன்டிஜெனாக இருக்க வேண்டும். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் லாயிட் ஓல்ட், எட்வர்ட் பாய்ஸ், எலிசபெத் ஸ்டாக்கர்ட் ஆகியோர் 1963இல் இதை விவரித்தார்கள். ‘ஏ’ இனச் சுண்டெலிகளின் தைமஸ் செல்களில் இது இயல்பாகவே உண்டு. சி57 பிளாக்/6 இனத்தின் தைமஸ் செல்களில் இல்லை. ஆனால் இந்த இரண்டாம் இனத்தில் உண்டான ரத்தப் புற்றுகள் சிலவற்றின் செல்களில் அது தெளிவாகத் தென்பட்டது.

பிறவியிலேயே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் திருத்த வேண்டும். 17ஆம் குரோமோசோமில், திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்-2 மரபணுக்களுக்கு அருகே, டி.எல். மரபணுக்கள் அந்த எலிக்கும் உண்டு. தைமஸில் அவை வாய்மூடிக் கிடக்கின்றன, புற்றாக மாறும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. பிற்காலத்தில் இதே இனத்தின் குடல் உட்சுவர்ச் செல்களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு இயல்பாகவே வெளிப்படுவதும் தெரியவந்தது. ஆகவே ‘டி.எல். இல்லாத இனம்’ என்ற பழைய பெயர், உண்மையில் தைமஸை மட்டும் பார்த்து வைத்த பெயர்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. இத்துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த சோதனையும் அதில்தான் இருக்கிறது. டி.எல். உள்ள புற்றுச் செல்களை எதிர்ப்பொருளோடும் (ஆன்டிஜெனில் ஒட்டும் தடுப்பாற்றல் புரதம்), எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லைக் கொல்லும் கினிப்பன்றிச் சீரத்தின் நிரப்புப் புரதங்களோடும் சோதனைக் குழாயில் கலந்து, டிரிப்பன் நீலம் என்ற சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், இறந்த செல்கள் நீலம் ஏறியும் உயிருள்ளவை நிறமின்றியும் தெரியும். குழாயில் இப்படி எளிதாக மடிகிற அதே செல்களை, டி.எல். ஆன்டிஜெனுக்கு எதிராக முன்பே தடுப்பூட்டப்பட்ட எலிக்குள் செலுத்தினால், அவை அழியாமல் வளர்கின்றன. எடுத்துச் சோதித்தால் டி.எல். காணோம். தடுப்பூட்டப்படாத எலிக்கு மாற்றி வளர்த்தாலோ அது மீண்டும் தோன்றிவிடுகிறது. மரபணு தொலைந்திருந்தால் இப்படித் திரும்பி வர வழியே இல்லை, டி.எல். இல்லாத திரிபுச் செல்கள் மட்டும் தப்பிப் பெருகின என்ற விளக்கமும் இதற்குப் பொருந்தாது. எதிர்ப்பொருள் வந்து ஒட்டுவதே அந்த ஆன்டிஜென் செல்பரப்பிலிருந்து விலகக் காரணமாகிறது. குழாயிலும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரத்துக்குள் இது நிகழ்கிறது, ஆனால் பனிக்கட்டிக் குளிரில் நிகழ்வதில்லை. எனவே உயிருள்ள செல்லின் இயக்கம் இதற்குத் தேவை என்பது விளங்கும். இதற்கு ‘ஆன்டிஜென் மாடுலேஷன்’ என்று பெயரிட்டார்கள்.

மனிதரின் ரத்தப் புற்றில் பி செல்கள் என்ற ரத்த வெள்ளணுக்களின் பரப்பிலுள்ள சிடி19 ஆன்டிஜெனைக் குறிவைக்கும் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும்போது, சிலரின் புற்றுச் செல்களில் அந்த ஆன்டிஜென் இல்லாமற்போவதைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அதையும் இதையும் ஒன்றென்று எழுதிவிடாதீர்கள்: அங்கே மரபணுவே பழுதுபட்டிருப்பது உண்டு, அப்படிப் போனது எதிர்ப்பொருளை விலக்கினாலும் திரும்பாது.