டெஸ்ட் செய்தால் இணைகிறது, அறிக்கை மட்டும் வரவில்லை

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்துக்கு டைல்ஸ் பட்டறை இருக்கிறது. மாமனார் எழுதிய பேரேட்டை மூடிவைத்துவிட்டு, பில் போடும் மென்பொருளுக்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. கணக்கு முழுவதும் பட்டறை அலுவலகக் கணினியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. மாத விற்பனையும் நிலுவைப் பட்டியலும் எடுக்க, வேறொரு கணினியில் பழைய அறிக்கை மென்பொருள் ஒன்றை வைத்திருந்தேன். அந்தக் கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி வாங்கி, அறிக்கை மென்பொருளையும் ஓடிபிசி டிரைவரையும் நிறுவினேன். டிரைவர் அமைப்பில் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் இணைப்பு வெற்றி என்கிறது. அறிக்கையைத் திறந்தால் 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்' என்கிறது. இரண்டு முறை அழித்து மறுபடி நிறுவிவிட்டேன். எங்கே தவறு?

பதில்: உங்கள் கடவுச்சொல்லும் சரி, சர்வர், அதாவது தரவுத்தளம் உள்ள பட்டறைக் கணினியின் முகவரியும் சரி. டெஸ்ட் வெற்றி பெற்றதே அதற்குச் சாட்சி. மென்பொருள்களில் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு; 32 பழையது, 64 புதியது. நீங்கள் நிறுவியது 64-பிட் டிரைவர்; உங்கள் அறிக்கை மென்பொருள் 32-பிட் காலத்தது. தொல்லை அவ்வளவுதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைகளுக்குக் கணினி வேலை பார்க்கும் எனக்கு, புதுக் கணினி வாங்கியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது.

ஓடிபிசி என்பது 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பொதுவான ஒரு பேச்சுமுறை. எந்த மென்பொருளும் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே விதமாகப் பேசலாம். நடுவில் மொழிபெயர்க்க ஒரு டிரைவர் இருந்தால் போதும். ஆனால் அந்த டிரைவர், கேள்வி கேட்கும் மென்பொருளுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து வேலை செய்கிறது. 32-பிட் மென்பொருளுக்குள் 64-பிட் டிரைவர் ஏற முடியாது. உங்கள் பட்டறையிலேயே பாருங்கள்: கண்ணாடியின் மேல் 10 அங்குலச் சட்டத்தை வைத்துவிட்டு, அதற்குள் 8 அங்குல அச்சைப் போட்டு வண்ணக் கலவையை ஊற்றினால் ஓரமெல்லாம் வழிந்துவிடும். அச்சிலும் குறையில்லை, சட்டத்திலும் குறையில்லை. அளவுதான் சேரவில்லை.

ஆகவே டிரைவர் வாங்கும்போது விண்டோஸ் எத்தனை பிட் என்று பார்க்கக் கூடாது. சர்வர் எத்தனை பிட் என்றும் பார்க்க வேண்டியதில்லை. அறிக்கை மென்பொருள் எத்தனை பிட் என்பது ஒன்றுதான் கணக்கு. அதைத் தெரிந்துகொள்ள, மென்பொருளைத் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலப்பொத்தானை அழுத்தி, 'பிளாட்ஃபார்ம்' அல்லது 'ஆர்க்கிடெக்சர்' என்ற பத்தியைச் சேருங்கள். அங்கே 32-பிட் என்றோ எக்ஸ்86 என்றோ இருந்தால் நான் சொன்னது உறுதி.

அப்படியானால் டெஸ்ட் மட்டும் எப்படி வெற்றி பெற்றது? விண்டோஸில் ஓடிபிசி அமைப்புக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று 64-பிட், இன்னொன்று 32-பிட். ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் இரண்டும் தனித்தனியாக வரும். நீங்கள் திறந்தது 64-பிட் கருவி. அது 64-பிட் டிரைவரைக் கொண்டு சர்வரைத் தட்டிப் பார்த்தது, கதவு திறந்தது. அறிக்கை மென்பொருளோ 32-பிட் பட்டியலில் போய்த் தேடுகிறது. அங்கே நீங்கள் வைத்த பெயரே இல்லை. பலரை இன்னும் குழப்புவது கோப்புறைகளின் பெயர். 64-பிட் கருவி 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில் இருக்கிறது. 32-பிட் கருவி 'சிஸ்வாவ்64' என்ற கோப்புறையில் இருக்கிறது. எழுத்துப்பிழையோ என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே அப்படித்தான். கோப்புறைப் பெயரை நம்பாமல், திறக்கும் சாளரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்களுக்கு வந்த பிழைச் செய்தியிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டிஎஸ்என் என்பது டேட்டா சோர்ஸ் நேம், அதாவது இணைப்புக்கு நீங்கள் வைக்கும் பெயர். இணைப்பைச் 'சிஸ்டம் டிஎஸ்என்' பக்கத்தில் அமைத்திருக்கிறீர்கள். சிஸ்டம் பட்டியல் 32-க்கும் 64-க்கும் வெவ்வேறு. அதனால்தான் 'பெயரே கிடைக்கவில்லை' என்றது. 'யூசர் டிஎஸ்என்' பட்டியல் இரண்டுக்கும் பொது. அங்கே அமைத்திருந்தால் பெயர் கண்ணில் பட்டிருக்கும், 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று வேறு செய்தி வந்திருக்கும். நோய் ஒன்றுதான். சிஸ்டம் பக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். யூசர் பக்கத்தில் அமைத்தது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே தெரியும். பின்னாளில் இரவில் தானாக அறிக்கை எடுக்க வேறொரு கணக்கின் பெயரில் ஏற்பாடு செய்தால் அது கண்ணில் படாது.

இனிச் செய்ய வேண்டியது. மைஎஸ்கியூஎல்-லின் ஓடிபிசி டிரைவர், 8.0 வரிசையில் 32-பிட்டாகவும் கிடைக்கிறது. அதை நிறுவுங்கள். ஏற்கெனவே உள்ள 64-பிட் டிரைவரை நீக்க வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும், 64-பிட் எக்செல்லுக்கு அது பிறகு உதவும். நிறுவும்போது 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்டால், அதிலும் எக்ஸ்86, அதாவது 32-பிட் வகையைத்தான் போட வேண்டும். பிறகு 32-பிட் கருவியைத் திறந்து, சிஸ்டம் டிஎஸ்என் பக்கத்தில் புதிய இணைப்பைச் சேருங்கள். பழைய கணினியில் என்ன பெயர் வைத்திருந்தீர்களோ அதே பெயரை எழுத்து மாறாமல் வையுங்கள். உங்கள் அறிக்கைகள் ஒவ்வொன்றும் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன.

டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'ஆன்சி', 'யூனிகோட்' என்று இரண்டு பெயர்கள் வரும். இரண்டும் எழுத்துகளைக் குறிக்கும் முறைகள். யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். ஆன்சியைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் எழுதிய வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக அச்சாகும். யூனிகோடில் போட்டும் பெயர்கள் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தால், பில் மென்பொருள் பழைய தமிழ் எழுத்துருவில் சேமித்திருக்கிறது என்று பொருள். அதை எந்த டிரைவராலும் சரிசெய்ய முடியாது. அறிக்கையில் அதே எழுத்துருவைப் போடுங்கள், அல்லது தரவை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பட்டறைக் கணினிக்கு நிலையான முகவரி கொடுங்கள். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிட்டால், நேற்று வந்த அறிக்கை இன்று வராது. அப்போது பிழை எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். 2003 என்றால் சர்வர் வரை போய்ச் சேரவே இல்லை: முகவரி மாறியிருக்கும், அல்லது ஃபயர்வாலில் 3306 என்ற போர்ட், அதாவது மைஎஸ்கியூஎல்-லுக்குப் போகும் வாசல், மூடியிருக்கும். 1130 என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று, உங்கள் கணினியிலிருந்து வருவோரை உள்ளே விட அனுமதி இல்லை. 1045 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 2059 வந்தால் சர்வரின் புதிய கடவுச்சொல் முறை உங்கள் பழைய டிரைவருக்குப் புரியவில்லை, டிரைவரைப் புதுப்பியுங்கள். 3306-ஐ உங்கள் வளாக வலையமைப்புக்குள் மட்டும் திறந்துவையுங்கள். வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இணைப்பில் எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' என்ற பயனர் பெயரையா கொடுத்திருக்கிறீர்கள்? பெரும்பாலானோர் அதைத்தான் கொடுக்கிறார்கள். அது கல்லாப்பெட்டிச் சாவி, பீரோச் சாவி, தலைவாசல் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தில் கோத்துக் கொடுப்பது போன்றது. நான் வேலை பார்க்கும் கடை ஒன்றில், கணக்குப் பையன் இதே போன்ற இணைப்பின் வழியாக பில் அட்டவணையை மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் திறந்தான். திரையில் தெரிவது தன்னுடைய நகல் என்று நினைத்து, வேண்டாத வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தான். அழிந்தவை அசல் பில்கள். முந்தைய இரவு எடுத்த பிரதி இருந்ததால் பெரும்பகுதி திரும்பியது. அன்று பகல் போட்ட பில்களை மட்டும் கார்பன் நகல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். அந்தப் பையன் கை நடுங்க எண்களை வாசித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறு அவனுடையது என்று நான் கருதவில்லை. அழிக்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்திருக்கவே கூடாது.

நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது, பேரேடு அங்கேயே இருந்தது. முதலாளிக்கு ஊருக்கு வந்து சேர்ந்தது ஐந்தொகை, அதாவது வரவு செலவுகளின் சுருக்கக் கணக்கு. அறிக்கை மென்பொருளுக்கும் அந்த அளவு போதும். பில் மென்பொருளை அமைத்துத் தந்தவரிடம் சொல்லி, அறிக்கைக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கச் சொல்லுங்கள். அந்தப் பயனருக்குச் 'செலக்ட்' உரிமை, அதாவது படிக்கும் உரிமை மட்டும், அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும், உங்கள் வலையமைப்பிலிருந்து மட்டும். பத்து நிமிட வேலை. பிறகு டிஎஸ்என்-னில் அந்தப் பெயரையே கொடுங்கள்.

எல்லாம் இணைந்ததும் முதலில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய விற்பனையை பில் மென்பொருளிலும் அறிக்கையிலும் எடுத்து, ரூபாய் வரை ஒப்பிடுங்கள். அறிக்கையில் தொகை கூடுதலாக வந்தால், ரத்து செய்த பில்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் ரத்தான பில்லை அழிப்பதில்லை; ஒரு குறி மட்டும் போட்டு அட்டவணையிலேயே வைத்திருக்கும். எந்தப் பத்தியில் அந்தக் குறி இருக்கிறது என்று பில் மென்பொருள்காரரிடம் கேட்டு, அறிக்கையின் வடிகட்டியில் அதைச் சேர்த்துவிட்டு, அதே நாளை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.