பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் கேட்டவை

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணக்கும், வகுப்பு தொடங்குமுன் அடிப்படையைச் சரிசெய்யும் பிரிட்ஜ் கோர்ஸும் நடத்துகிறேன். மாணவர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நான் காமர்ஸ் குரூப். இப்போது பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறேன். கால்குலஸ் புத்தகம் வாங்கிவிடட்டுமா சார்?

இப்போது வேண்டாம்மா. ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சமச்சீர்ப் புத்தகங்களை எடுங்கள். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இயற்கணிதம், முக்கோணவியல் பாடங்களை மட்டும் போட்டுப் பாருங்கள். நான் திருத்தும் விடைத்தாள்களில் கால்குலஸ் பகுதியான வகையிடல் சரியாக இருக்கும், அடுத்த வரியில் பின்னத்தைக் கூட்டும்போது மதிப்பெண் போய்விடும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 9-உம் 16-உம் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியாக மூலம் எடுத்துக் கூட்டினால் 7. இந்த இரண்டும் ஏன் வேறு என்று உங்களால் சொல்ல முடிந்தால் பாதி பயம் போய்விடும்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். வகுப்பில் சொல்வது எதுவும் புரியவில்லை.

தம்பி, அவர்கள் சொல்லும் பலவும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஃபங்ஷன் என்றால் சார்பு, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு, டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் அந்த நோட்டு தேவைப்படாது.

வகைக்கெழு சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனால் அது என்ன என்றே தெரியவில்லை.

நல்ல கேள்வி. முதலில் சார்பு. 2013-இல் சென்னையில் ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தார்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 5 கிலோமீட்டர் என்றால் 63 ரூபாய் 40 பைசா. தூரத்தைச் சொன்னால் ஒரே ஒரு கட்டணம்தான் வரும். அதுதான் சார்பு. அந்த 12 இருக்கிறதே, தூரம் கூடக் கூடக் கட்டணம் ஏறும் வேகம், அதுதான் வகைக்கெழு. 1.8 கிலோமீட்டருக்குள் அது பூஜ்ஜியம்.

இங்கே வேகம் மாறவில்லை, அதனால் சுலபம். மாறிக்கொண்டே இருந்தால்? ஒரு வண்டி புறப்பட்டதிலிருந்து போன தூரம், நொடிகளின் வர்க்கம் என்று வையுங்கள். 3 நொடியில் 9 மீட்டர். சரியாக மூன்றாவது நொடியில் என்ன வேகம்? 3.1 நொடியில் 9.61 மீட்டர். கூடுதல் தூரம் 0.61, அதை 0.1 நொடியால் வகுத்தால் 6.1. அடுத்து 3.01 நொடி எடுங்கள், 6.01 வரும். 3.001 எடுத்தால் 6.001. எங்கே நெருங்குகிறது என்று தெரிகிறதா? 6. இடைவெளியை முதலிலேயே பூஜ்ஜியமாக்கினால் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும், அதற்குப் பொருளே இல்லை. அதனால்தான் ‘எல்லை’ என்ற பாடம் முன்னால் வருகிறது. இந்தக் கணக்கை 5 நொடிக்கு நீங்களே போடுங்கள். 10 வந்தால், வர்க்கத்தின் வகைக்கெழு ஏன் இருமடங்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சைன் 30 போட்டால் கால்குலேட்டரில் மைனஸ் 0.988 வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, ரேடியனில் இருக்கிறது. அது டிகிரியைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு. டிகிரிக்கு மாற்றினால் 0.5 வரும். ஆனால் கால்குலஸ் கணக்குக்கு ரேடியன்தான் வேண்டும். சைனின் வகைக்கெழு கோசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு. ஃபூரியர் தொடர் வருமாம், பயமாக இருக்கிறது.

வகுப்பு தொடங்க எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனையையும் வகையிடலின் எதிர்ச்செயலான தொகையிடலுக்குக் கொடுங்கள், அதிலும் இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் பகுதித் தொகையிடலுக்கு. ஃபூரியர் தொடர் என்றால் ஒரு சார்பை சைன், கோசைன்களின் கூட்டலாக எழுதுவது. அதில் பெரும்பாலும் பகுதித் தொகையிடலைத்தான் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். டிப்ளமோ முதலாண்டுக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதிலிருந்தே தொடங்குங்கள்.