அமெரிக்காவில் சிறந்த பள்ளிக் கூடைப்பந்து வீரர்கள் முன்பு நியூயார்க், சிகாகோவிலிருந்து வந்தார்கள். இப்போது ஏன் ஃப்ளோரிடா பெயரே அடிபடுகிறது?

ஒரு பையன் பிறந்து வளர்ந்த ஊர் வேறு, கடைசி வருடம் அவன் படிக்கிற பள்ளி இருக்கும் ஊர் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஃப்ளோரிடா இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு மேற்கே மான்ட்வெர்டே என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள மான்ட்வெர்டே அகாடமியில் படித்த மூன்று பேர் என்பிஏ டிராஃப்டில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்வானார்கள்: 2016இல் பென் சிமன்ஸ், 2021இல் கேட் கன்னிங்ஹம், 2025இல் கூப்பர் ஃபிளாக். மூவரில் ஒருவர்கூட ஃப்ளோரிடாக்காரர் இல்லை. சிமன்ஸ் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிறந்தவர். கன்னிங்ஹம் டெக்சஸின் ஆர்லிங்டன்காரர். ஃபிளாக்குக்கு மெய்ன் மாநிலத்தின் நியூபோர்ட். கூடைப்பந்துக்காக யாரும் திரும்பிப் பார்க்காத பகுதி அது. 2022இல், ஒன்பதாம் வகுப்பிலேயே, ஊர்ப் பள்ளிக்கு மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் தெற்கே கிளம்பிவிட்டார்.

முன்பு இப்படி இல்லை. கரீம் அப்துல் ஜப்பார் (அப்போது லூ ஆல்சிண்டர்) 1965இல் பள்ளி முடித்தது மன்ஹாட்டனின் பவர் மெமோரியலில். அந்த அணி தொடர்ந்து 71 ஆட்டங்களை வென்றது. அந்தத் தொடரை மேரிலாந்தின் டிமாத்தா பள்ளி 46-43 என்று முறித்தது இன்றும் பேசப்படுகிறது. நியூயார்க்கின் கோனி ஐலண்டிலுள்ள லிங்கன் பள்ளியிலிருந்து ஸ்டீஃபன் மார்பரி வந்தார். சிகாகோவின் சிமியன் பள்ளி டெரிக் ரோஸைக் கொடுத்தது. ஊரும் பள்ளியும் வீரனும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

அந்தப் பள்ளிகள் பலவற்றுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு மனம் வலிக்கிற இடம். பவர் மெமோரியல் 1984இல் மூடப்பட்டது. கெம்பா வாக்கர் படித்த ஹார்லெமின் ரைஸ் பள்ளி 2011இல் போனது. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், ஜெர்சி சிட்டியின் செயின்ட் அந்தோனி பள்ளிக்குச் சொந்தமாக ஓர் உள்ளரங்கம்கூடக் கிடையாது. அப்படி இருந்தும் பாப் ஹர்லி என்ற பயிற்சியாளர் அங்கே 28 மாநிலப் பட்டங்களை வென்றார். பணமில்லாமல் அதுவும் 2017இல் மூடியது. ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொண்ட கத்தோலிக்கப் பள்ளிகள் இவை. ‘நியூயார்க்கில் திறமை வற்றிவிட்டது’ என்று சொல்பவர்கள், அந்தத் திறமையை வளர்த்த இடங்கள் மூடப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிச்சமிருக்கும் திறமைசாலிகளைத் தங்குமிடத்தோடு கூடிய பள்ளிகள் இழுத்துக்கொள்கின்றன. வர்ஜீனியாவின் ஓக் ஹில் இதற்கு முன்னோடி. கார்மெலோ ஆந்தனி பால்டிமோரிலிருந்து கடைசி வருடத்துக்கு அங்கே போனார். இப்போது மான்ட்வெர்டே, ஃப்ளோரிடாவின் பிராடன்டனிலுள்ள ஐஎம்ஜி, மிசௌரியின் லிங்க் அகாடமி. இவற்றின் முதன்மை அணிகள் மாநிலக் கோப்பைக்கு ஆடுவதில்லை. நாடு முழுக்கப் பயணம் செய்து தங்களைப் போன்ற அணிகளோடு மோதுகின்றன. தினசரிப் பயிற்சியிலேயே எதிரே நிற்பவன் வருங்கால என்பிஏ வீரன் என்றால் எந்தப் பையனுக்குத்தான் ஆசை வராது? அட்லாண்டாவில் 2021இல் தொடங்கிய ஓவர்டைம் எலைட் என்ற இளையோர் லீக் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சம்பளமே கொடுத்தது. அங்கே ஆடிய தாம்சன் இரட்டையர்கள் 2023 டிராஃப்டில் நான்காவது, ஐந்தாவது இடங்களில் தேர்வானார்கள்.

ஆனால் இடம் மாறுவதே புதிது என்று நினைக்க வேண்டாம். 1995இல் சிகாகோ ஃபராகட் பள்ளியிலிருந்து நேராக என்பிஏ போன கெவின் கார்னெட்டும் தென் கரோலைனாக்காரர்தான். சிகாகோவில் படித்தது கடைசி ஒரு வருடம்.

பிறந்த ஊர்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஒரு மாற்றம் உண்மையாகவே நடந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கிலிருந்து நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்குப் போயின. 1970களுக்குப் பிறகு அந்த ஓட்டம் திரும்பியது. அட்லாண்டா, டாலஸ், ஹூஸ்டன் புறநகர்கள் வளர்ந்தன. 2004இல் முதலிடத்தில் தேர்வான டுவைட் ஹவர்டும் 2020இல் தேர்வான ஆந்தனி எட்வர்ட்ஸும் அட்லாண்டா பிள்ளைகள். நான் வசிக்கும் டாலஸ் புறநகரில் வார இறுதி என்றால் உள்ளரங்கங்கள் விடியற்காலையிலிருந்தே நிரம்பிவிடும். வசதியுள்ள பெற்றோர், தனிப் பயிற்சியாளர், ஊர் ஊராகப் போய் ஆடும் பயண அணி எல்லாம் இங்கே சேர்ந்திருக்கின்றன. தெருமுனைத் திடலில் ஆடிப் பெரிய ஆளாவது கடினமாகிக்கொண்டே வருகிறது.

எல்லை நாட்டுக்கு வெளியேயும் போய்விட்டது. 2013 முதல் 2025 வரை டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான 13 பேரில் 6 பேர் வெளிநாட்டுக்காரர்கள்: கனடா இருவர், பிரான்ஸ் இருவர், ஆஸ்திரேலியா ஒருவர், பஹாமாஸ் ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் தவிர மற்ற நால்வரும் அமெரிக்கப் பள்ளிகள் வழியாக வந்தவர்கள். 2015இல் டாலஸ் அணி தேர்ந்தெடுத்த பஞ்சாப் பையன் சத்னம் சிங்கும் ஐஎம்ஜியில் வளர்ந்தவர்தான்.

ஆகவே அடுத்த முறை சிறந்த பள்ளி வீரர்களின் பட்டியலைப் பார்க்கும்போது சொந்த ஊரையும் தேடிப் பாருங்கள். உதாரணமாக, இளம் வீரர் ஏஜே டிபான்ட்ஸா மாசசூசெட்ஸின் பிராக்டன்காரர். கலிஃபோர்னியாவின் புரொலிஃபிக் பிரெப்பில் ஆடிவிட்டுப் பிறகு யூட்டா பிரெப்புக்குப் போனார். அந்தப் புரொலிஃபிக் பிரெப்பும் 2025இல் ஃப்ளோரிடாவுக்கே குடிபெயர்ந்துவிட்டது.