கொடியில் ஒரு நாட்டின் வரலாறு தெரியுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள்

ஒரு நாட்டின் வரலாறு அதன் கொடியில் தெரியும். யாரைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும். எனக்கு உடனே நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்காதான்.

1928 முதல் 1994 வரை பறந்த பழைய கொடியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள்; பழைய டச்சுக் கொடியின் நிறங்கள். நடுவில் மூன்று குட்டிக் கொடிகள் இருக்கும்: பிரிட்டனின் யூனியன் ஜாக், டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களின் குடியரசுகளான ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட், டிரான்ஸ்வால் இரண்டின் கொடிகள். ஃப்ரீ ஸ்டேட் கொடியின் மூலையில் இன்னொரு டச்சுக் கொடி! 1899-1902 போரில் மோதிக்கொண்ட பிரிட்டிஷாரும் போயர்களும், யார் சின்னம் எங்கே என்று மறுபடி சண்டை பிடித்து எட்டிய சமரசம் அது. இரண்டு தரப்பும் வெள்ளையர். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு அதில் ஒரு நூலளவு இடம்கூட இல்லை. 1860 முதல் சென்னையில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களுக்கும்தான்.

புதிய கொடிக்காக 1993ல் பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டார்கள். 7,000க்கு மேல் வந்தும் ஒன்றும் தேறவில்லை. தேர்தலோ நெருங்கிவிட்டது. கடைசியில் அரசுச் சின்னங்களைக் கவனித்துவந்த அதிகாரி ஃப்ரெடரிக் பிரவுனெல் வரைந்ததை 1994 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார்கள். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் தொடங்கிய ஏப்ரல் மாதத்திலேயே அது கம்பத்தில் ஏறியது. தற்காலிகமாகத்தான் வைத்தார்கள், அப்புறம் 1996 அரசமைப்பிலேயே இடம்பிடித்துவிட்டது.

கறுப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் நிறங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் பிரிட்டிஷ், டச்சுக் கொடிகளில் உள்ளவை. ஆனால் எந்த நிறத்துக்கும் அரசு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லவில்லை. அதுதான் புத்திசாலித்தனம் என்பேன். இந்த நிறம் இவர்களுக்கு என்று எழுதி வைத்திருந்தால் 1920களின் பங்குச் சண்டை திரும்ப வந்திருக்கும். கம்பத்துப் பக்கம் இரண்டு மூலைகளில் கிளம்பும் பச்சைப் பட்டைகள் நடுவில் சேர்ந்து ஒன்றாகப் போகின்றன. அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பழைய கொடியைத் தேவையில்லாமல் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019ல் அங்குள்ள சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வு, கலை, செய்தி போன்ற பொதுநலக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் கொடி பறந்த நிறவெறி ஆட்சியில், சொந்த மண்ணில் நடமாடவே அடையாளப் புத்தகத்தைக் காட்ட வேண்டியிருந்த கறுப்பின மக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது.