கண் மருந்துத் துண்டில் ‘ஓ.டி.’ என்றால் என்ன?

யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்கில் அம்மாவுக்குத் தந்த துளிமருந்துத் துண்டில் ‘ஓ.டி.’ என்றிருக்கிறது, ஒருவர் நாளுக்கு ஒருதரம் என்கிறார், மற்றவர் வலது கண் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பொருளும் உண்டு. குளிசைத் துண்டில் அது ‘ஓம்னி டியே’ என்ற லத்தீனின் சுருக்கம், நாளுக்கு ஒருதரம். மூக்குக்கண்ணாடித் துண்டில் ‘ஓக்குலஸ் டெக்ஸ்டர்’, வலது கண். இடதுக்கு ‘ஓ.எஸ்.’, இரண்டுக்கும் ‘ஓ.யூ.’. கண் துளிமருந்தில்தான் இரண்டும் வந்து மோதும். பக்கத்தில் ‘பி.டி.’ (BD), அதாவது நாளுக்கு இருதரம் என்றிருந்தால் ஓ.டி. பெரும்பாலும் கண்ணைத்தான் குறிக்கும். எப்படியானாலும் தயவுசெய்து ஊகத்தில் மருந்து விடாதீர்கள். துண்டோடு கிளினிக்கிலோ பார்மசியிலோ கேட்டு, எந்தக் கண், எத்தனை தரம் என்று மருந்துப் பெட்டியிலேயே தமிழில் எழுதுவித்து வாங்குங்கள்.